காலியாகக் கிடக்கும் ஒரு கட்டம்: பாப் பாடகரை எதை வைத்து எடை போடுவது?

கிராமி விருதுகளில் 'சிறந்த புதிய கலைஞர்' பட்டியலை வருடவாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தால் 1990இல் ஒரு ஓட்டை தெரியும். பிப்ரவரியில் விருது கொடுத்தார்கள், நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் போட்டியில் இருந்த நெனே செர்ரி, இண்டிகோ கேர்ள்ஸ், டோன் லோக், சோல் டு சோல் ஆகிய நான்கு பேரில் யாருக்கும் அதை மாற்றிக் கொடுக்கவில்லை. கட்டம் இன்றுவரை காலி.

விருதை வாங்கி இழந்தவர்கள் மில்லி வனில்லி. ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன் என்ற இரண்டு இளைஞர்கள். நீள ஜடை, தோள் அகன்ற கோட்டு, நல்ல ஆட்டம். காரணம் பலருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் பெயரில் வந்த ஆல்பத்தில் அவர்கள் பாடவே இல்லை.

இந்தக் கதையை எல்லோரும் ஒரு ஜோக்காகத்தான் சொல்வார்கள். எனக்கு இதில் ஆர்வம் வந்தது வேறு காரணத்துக்காக. பாப் பாடகர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் மூன்று தலைப்பில்தான் மார்க் போடுகிறோம்: குரல் எப்படி, தோற்றம் எப்படி, பாட்டு வரிகள் எப்படி. சாதாரணமாக மூன்றும் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டு வருவதால் எதற்கு எவ்வளவு மார்க் கொடுத்தோம் என்று நமக்கே தெரியாது. மில்லி வனில்லியில் மூன்றும் வேறு வேறு ஆட்களிடம் இருந்தன. சோதனைக்கூடத்தில் பிரித்து வைத்த மாதிரி. நாம் உண்மையில் எதை மதிப்பிடுகிறோம் என்று பார்க்க இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது.

1. நடந்தது, சுருக்கமாக

ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் ஃபேரியன். நம் ஊரில் இவர் பெயர் தெரியாவிட்டாலும் இவர் உருவாக்கிய குழுவைத் தெரியாதவர்கள் குறைவு: போனி எம். அதில் மேடையில் குதித்து ஆடிய பாபி ஃபேரலின் 'குரல்' ஸ்டூடியோவில் ஃபேரியனுடையது. இசைத்தட்டுகளில் பெண் குரல்கள் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவருடையவை. கூட நின்ற மேய்ஸி வில்லியம்ஸ் அவற்றில் பாடவில்லை. அதாவது மில்லி வனில்லிக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே இதே வித்தையை இதே மனிதர் செய்துவிட்டார்.

மில்லி வனில்லிக்குக் குரல் கொடுத்தவர்கள் ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல், சார்லஸ் ஷா. டேவிஸும் ஹோவெலும் ராப், ஃபாப் இருவரைவிட வயதில் நன்றாக மூத்தவர்கள். எம்டிவி காலத்து முகம் இவர்களிடம் இல்லை என்பது தயாரிப்பாளரின் கணக்கு. 1989இல் அமெரிக்காவில் வந்த ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகள் அங்கே முதலிடம் போயின. அமெரிக்காவில் மட்டும் 60 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ் கிடைத்தது.

அதே 1989 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டலில் ஒரு நிகழ்ச்சி. ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டு ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. ராப் மேடையை விட்டு ஓடினார். அந்த வருடக் கடைசியில் சார்லஸ் ஷா ஒரு பத்திரிகையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு பின்வாங்கினார். இதெல்லாம் நடந்த பிறகுதான், 1990 பிப்ரவரியில், கிராமி கிடைத்தது. இதைக் கவனிக்க வேண்டும். சந்தேகப்பட இடம் இருந்தபோதே விருது கொடுத்தார்கள். அந்த விருது மேடையிலும் வாயசைப்புதான்.

அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுகிறோம் என்று இருவரும் பிடிவாதம் பிடித்ததும், 1990 நவம்பரில் ஃபேரியன் தானே உண்மையைப் போட்டு உடைத்தார். சில நாட்களில் விருது ரத்து.

2. ஒரு எழுத்தும் மாறாத ஃபைல்

மென்பொருள்காரன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. 1990 நவம்பருக்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஆல்பத்தின் ஒலி ஒன்றுதான். ஒரு பிட் கூட மாறவில்லை. ஆனால் முந்தின மாதம் வரை 'ஜாலியான, நேர்த்தியான டான்ஸ் பாப்' என்று இருந்தது அடுத்த மாதம் 'குப்பை' ஆகிவிட்டது. அமெரிக்க நிறுவனம் அதைத் தன் பட்டியலிலிருந்தே தூக்கியது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள்.

அப்படியானால் இரண்டில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று, முதலில் பாராட்டியவர்கள் ஒலியைக் கேட்கவே இல்லை, முகத்தைப் பார்த்து மார்க் போட்டார்கள். அல்லது, பாட்டு என்பது ஒலி மட்டும் இல்லை, 'இதை நான் பாடுகிறேன்' என்று ஒருவர் தரும் வாக்கும் அதில் சேர்த்தி. இரண்டுமே நடந்தன என்று நினைக்கிறேன். இரண்டாவதை நான் தப்பாகவும் நினைக்கவில்லை. ஆனால் எதற்காக மார்க் போடுகிறோம், எதற்காகக் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆல்பத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாளம் மெஷினில் கட்டியது, அது தெரியும்படியே கட்டியது. பல்லவிகள் உறுதியாக உட்கார்ந்திருக்கின்றன. குரல்கள் முதிர்ந்தவை, கொஞ்சம் கரகரப்பு உள்ளவை. மெதுவான பாட்டுகளில் இந்தக் கரகரப்புதான் காப்பாற்றுகிறது. ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டு பால்டிமோரைச் சேர்ந்த நியூமார்க்ஸ் என்ற குழு ஏற்கனவே வெளியிட்டது. முதலிடம் போன இன்னொரு பாட்டு டயான் வாரன் எழுதிக் கொடுத்தது. மொத்தத்தில் தொழில் தெரிந்தவர்கள் செய்த சரக்கு. அந்த வருடத்தின் சிறந்த புதிய கலைஞர் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, கிடாரை வாசித்துப் பாடிய இண்டிகோ கேர்ள்ஸ் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் இது குப்பையும் இல்லை.

3. நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த விவகாரத்தில் முதலில் கோபமே வராது. ஒருத்தர் பாட, ஒருத்தர் வாயசைப்பது நமக்கு மோசடி இல்லை, மரபு. எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.சௌந்தரராஜன்தான் பாடினார் என்பது டீக்கடையில் இருந்தவருக்கும் தெரியும். அவர் இவருக்கு எப்படிப் பாடுவார், அவருக்கு எப்படிப் பாடுவார் என்று ரசித்துப் பேசினார்கள். பின்னணி பாடுவதற்கென்றே தேசிய விருது இருக்கிறது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் விருதை 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக வாங்கியவர் பி.சுசீலா.

ஆனால் இங்கேயும் அது தானாக வந்துவிடவில்லை. 1949இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயர் கிடையாது. படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயரான 'காமினி' என்றுதான் அச்சடித்தார்கள். பாத்திரமே பாடுகிறது என்று கணக்கு! பாடியவர் பெயர் தட்டில் ஏறுவதற்குப் பாடகர்கள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஹாலிவுட்டில் அந்தப் பெயர் ஏற இன்னும் நாளாயிற்று. 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) நாட்டலி வுட், 'மை ஃபேர் லேடி'யில் (1964) ஆட்ரி ஹெப்பர்ன் என்று மூவருக்கும் பாடியவர் மார்னி நிக்ஸன் என்ற ஒரே பெண்மணி. படத்தில் பெயர் போடவில்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு இசையமைத்த லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து சிறு பங்கை அவருக்குக் கொடுத்தார். இரவல் குரலைப் பற்றியே எடுத்த 'சிங்கிங் இன் த ரெய்ன்' (1952) இன்னும் வேடிக்கை. கதைப்படி இன்னொருத்திக்குக் குரல் கொடுக்கும் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் பெட்டி நோயஸ் என்ற பாடகி குரல் கொடுத்தார்.

ஆக வாயசைப்பு குற்றம் இல்லை. குரல் கொடுத்தவர் பெயரை மறைப்பதுதான் பிரச்சினை. டிஎம்எஸ் பெயர் தட்டில் இருந்தது. ஜான் டேவிஸ் பெயர் பாடியவராக எங்கேயும் இல்லை. நம் மரபிலிருந்து பார்த்தால் மில்லி வனில்லி விவகாரத்தில் முதலில் ஏமாற்றப்பட்டவர்கள் ரசிகர்கள் இல்லை, அந்த மூன்று பாடகர்கள்தான். 1990இல் இந்தக் கோணத்தில் கோபப்பட்டவர்கள் குறைவு. 'என் காசு போச்சே' என்றுதான் கோபம்.

4. குரல்: காது எதைக் கேட்கிறது

சரி, குரலை மட்டும் எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பாடகர்களை வரிசைப்படுத்துகிறவர்கள் உடனே கையில் எடுப்பது ஸ்தாயி கணக்கு. இவருக்கு நான்கு ஸ்தாயி, அவருக்கு ஐந்து ஸ்தாயி. எண் இருந்தால் வாதம் சுலபம், அதனால்தான். ஆனால் ஒருவர் தொடக்கூடிய உச்சிக்கும் அவர் பாட்டில் பயன்படுத்தும் இடத்துக்கும் சம்பந்தம் குறைவு. கேரன் கார்ப்பென்டர் நினைவில் நிற்பது கீழ்ச் சுரங்களில். மைக்குக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் அவர் பாடுவதை ஸ்தாயிக் கணக்கில் எங்கே போய் எழுதுவது?

அடுத்தது சுருதி. 1997க்குப் பிறகு இசைத்தட்டில் கேட்கும் சுருதி சுத்தத்தை வைத்துப் பாடகருக்கு மார்க் போட முடியாது. அந்த வருடம்தான் ஆட்டோ-டியூன் வந்தது. எழுதியவர் ஆண்டி ஹில்டிபிராண்ட். அதற்கு முன் எண்ணெய் தேடும் கம்பெனிகளுக்காக நிலத்தடி அதிர்வுகளை அலசிக்கொண்டிருந்தவர். ஒரு அலை தன்னைத்தானே எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஒத்துப்போகிறது என்று பார்க்கும் கணக்கை அங்கேயிருந்து எடுத்துவந்து குரலில் போட்டார். அடுத்த வருடமே ஷெர் பாடிய 'பிலீவ்' வந்தது. திருத்தும் வேகத்தை முழுக்கத் திருகி, குரல் படிக்கட்டில் ஏறுவது மாதிரி வைத்தார்கள். பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. பிரித்து, சுருதியை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மனிதக் குரலில் சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் வளைவு இருக்கும். இதில் அந்த இடங்களில் செங்குத்தாகத் தூக்கிப் போடுகிறது. அதை மறைக்காமல் அலங்காரமாகவே வைத்ததால் யாரும் ஷெரை மோசடி என்று சொல்லவில்லை. மறைத்துச் செய்யும் திருத்தம்தான் இன்று எங்கும் இருக்கிறது, அதற்கும் யாரும் விருதைப் பிடுங்குவதில்லை!

இதோடு ஒப்பிட, விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வின் தொடக்கத்தையும் வரைந்து பார்த்தேன். முக்கால் நிமிடம் போல வாத்தியமே கிடையாது, வெறும் குரல். பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. சுரத்தின் நடுவில் நேராகப் போய் உட்காருவதில்லை. கீழேயிருந்து சரிந்து ஏறுகிறது, நீண்ட சுரத்தின் முடிவில்தான் அதிர்வு தொடங்குகிறது, சின்னச் சின்ன பிருகாக்கள். துணைக்கு ஒன்றும் இல்லாமல் சுருதி விலகாமல் நிற்கிறது. ஆட்டோ-டியூன் வருவதற்கு ஐந்து வருடம் முந்தைய பதிவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே பாட்டை எழுதியவர் டாலி பார்ட்டன். 1974இல் அவரே பாடி வெளியிட்டார். கூட வேலை செய்த போர்ட்டர் வாகனரை விட்டுத் தனியாகப் போகும்போது அவருக்கு விடை சொல்ல எழுதியது. டாலி அதைக் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி பாடுகிறார், நடுவில் பேசவே செய்கிறார். குரல் திறமைப் போட்டி என்றால் விட்னி பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர் எதிரில் இருப்பவரைப் புண்படுத்தாமல் எப்படிப் பேசுவாரோ அது டாலியிடம் இருக்கிறது. விட்னி பாடும்போது அது ஒரு மண்டபத்துக்கே சொல்லும் பிரகடனம். இரண்டில் எது உசத்தி? பாட்டு எங்கே நடக்கிறது என்று முதலில் முடிவு செய்தால்தான் பதில். என் ஓட்டு டாலிக்கு. ஆனால் விட்னியின் முதல் முக்கால் நிமிடத்துக்கு ஈடாக டாலியிடம் ஒன்றும் இல்லை என்பதையும் ஒத்துக்கொண்டுதான் அந்த ஓட்டு.

5. தோற்றம்: யார் முடிவு?

'குரல் கிடையாது, வெறும் தோற்றம்தான்' என்று சொன்னால் பாப் பாடகரைத் தள்ளுபடி செய்துவிட்டதாக நினைக்கிறோம். மடோனாவைப் பற்றி நாற்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிய குரல்தான், மறுப்பதற்கில்லை. 'எவிட்டா' (1996) படத்துக்காக ஆசிரியரை வைத்துப் பயிற்சி எடுத்தார். அதற்குப் பின் வந்த ஆல்பத்தில் குரலில் கனம் கூடியிருப்பது சாதாரணமாகக் கேட்டாலே தெரியும். ஆனால் அவர் விஷயத்தில் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. எப்போது எந்த வேஷம், எதைக் கலைப்பது என்பது அவர் முடிவு. அது ஒரு எழுத்தாளர் வேலை மாதிரி, அதற்குத் தனியாக மார்க் உண்டு.

ஷினேட் ஓ'கானர் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தவர். இன்னும் பெண்மையாக, கவர்ச்சியாக உடுத்தச் சொன்ன இசைக் கம்பெனிக்காரர்களுக்குப் பதிலாகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். அந்த மொட்டையும் தோற்றம்தான். 1990இல் உலகம் முழுக்கப் பார்த்த அவருடைய வீடியோவில் பெரும்பாலும் முகம் மட்டுமே இருக்கும். பாட்டை எழுதியவர் பிரின்ஸ். ஆனால் அந்த முகத்துக்கும் குரலுக்கும் நடுவில் இடைவெளி இல்லை.

ராப்பும் ஃபாப்பும் நல்ல ஆட்டக்காரர்கள். அந்த உடை, அசைவு எல்லாவற்றிலும் அவர்களுடைய சொந்த உழைப்பு உண்டு. 'இவர்கள் ஆட்டக்காரர்கள், பாடியவர்கள் இன்னார்' என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்கான மதிப்பு நியாயமாகக் கிடைத்திருக்கும். அவர்களிடம் இருந்த திறமையை மறைத்து, இல்லாத திறமைக்கு மேடை ஏற்றினார்கள். அந்தத் திட்டம் அவர்களுடையது இல்லை. கையெழுத்துப் போட்டது மட்டும் அவர்கள்.

6. வரிகள்: காகிதத்தில் படிக்காதீர்கள்

தமிழர்கள் ஆங்கில பாப்பில் சறுக்கும் இடம் இது. கண்ணதாசனையும் வைரமுத்துவையும் வரி வரியாகப் பிரித்து ரசித்த பழக்கத்தோடு ஆங்கிலப் பாட்டைத் தமிழில் பெயர்த்துப் பார்த்து, 'இதுல என்னங்க இருக்கு?' என்று கேட்கிறோம். பெயர்த்தால் ஒன்றும் இருக்காதுதான். நம் பாட்டுகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தால் அதே கதி.

மெட்டுக்கு எழுதுகிற யாருக்கும் தெரியும், உச்ச சுரத்தில் எந்த எழுத்து வருகிறது என்பது அர்த்தத்துக்குச் சமமாக முக்கியம். வாயை மூடும் எழுத்தையோ வல்லின ஒற்றையோ அங்கே போட்டால் பாடகர் செத்தார். மறுபடியும் விட்னி பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ' என்பது வாயை நன்றாகத் திறந்து தொடங்கும் ஒலி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். டாலி அதைச் சின்னதாகத் தொட்டுவிட்டுப் போகிறார். விட்னி அதில் வீடே கட்டுகிறார். காகிதத்தில் அது ஒரே எழுத்து.

அதனால் வரிகளுக்கு மார்க் போடும்போது நான் பார்ப்பது இரண்டு. இந்த ஆள் இந்த வரியைச் சொன்னால் நம்புகிறேனா? இந்த வரி அந்தச் சுரத்தில் உட்காருகிறதா? பாப் டிலன் 2016இல் இலக்கிய நோபல் வாங்கியபோது அவர் குரலைக் கேலி செய்தவர்கள் முதல் கேள்வியை மறந்துவிட்டார்கள். அந்த மூக்குக் குரல் சொன்னால்தான் அந்த வரிகளில் பாதி நம்பும்படி இருக்கிறது. மில்லி வனில்லியின் வரிகள் சாதாரணக் காதல் சமாசாரம். 'பெண்ணே, இது உண்மை' என்ற பொருளில் தலைப்பு வைத்த ஆல்பத்துக்கு இப்படி ஒரு கதி வந்தது தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

7. பில் யார் பெயரில் வந்தது

மூன்று மார்க்கையும் கூட்டிச் சராசரி போடுவது எனக்கு உடன்பாடு இல்லை. குரல் 9, தோற்றம் 4, வரி 6 என்று போட்டுக் கூட்டினால் வருவது எந்த மனிதரையும் குறிக்காத ஒரு எண். நான் கேட்பது வேறு மூன்று கேள்விகள். இவர் என்ன வாக்குக் கொடுக்கிறார்? அதைக் காப்பாற்றுகிறாரா? காப்பாற்றாவிட்டால் முடிவெடுத்தவர் யார்?

கடைசிக் கேள்வியை 1990இல் சரியாகக் கேட்கவில்லை. ஃபேரியன் தொடர்ந்து தொழில் செய்தார். உண்மையான பாடகர்களை வைத்து 1991இல் ஒரு ஆல்பமும் போட்டார். பழைய வெற்றியின் பக்கத்தில்கூட அது வரவில்லை. ராப்பும் ஃபாப்பும் லாஸ் ஏஞ்சலீஸில் நிருபர்கள் முன்னால் நின்று, கிராமியைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி, எங்களுக்கும் பாட வரும் என்று அங்கேயே பாடிக் காட்டினார்கள். 1993இல் தங்கள் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள். சீந்த ஆளில்லை. ராப் 1998 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு ஹோட்டல் அறையில் மதுவும் மாத்திரைகளும் சேர்ந்து இறந்துபோனார். விபத்து என்று முடிவு செய்தார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். ஃபாப் பாடுவதை விடவில்லை, இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு வழியும் இருந்தது. அதே சமயத்தில் மார்த்தா வாஷ் என்ற பாடகியின் குரலை 'பிளாக் பாக்ஸ்', 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி' இரண்டு குழுக்களும் பயன்படுத்திக்கொண்டு, வீடியோவில் ஒல்லியான வேறு பெண்களை நிறுத்தின. அவர் கோர்ட்டுக்குப் போனார். பாடியவருக்கு உரிய பெயரும் பணமும் கேட்டு வாங்கினார். மோசடியின் முறை அதேதான். ஆனால் இங்கே கேள்வி சரியான ஆளிடம், அதாவது தயாரித்து விற்றவர்களிடம் போனது. வீடியோவில் ஆடிய பெண்களை யாரும் துரத்தவில்லை.

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பச் சொல்லி என்னிடம் கேட்டால் ராப், ஃபாப் பெயரைத் திரும்ப எழுத மாட்டேன். அவர்கள் கொடுத்த வாக்கு பொய்தான். இண்டிகோ கேர்ள்ஸ் என்று எழுதுவேன். பழைய இசைத்தட்டின் அட்டையில் மட்டும் இன்னும் மூன்று பெயர்களைச் சேர்ப்பேன்: ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல், சார்லஸ் ஷா.

ஆல்பத்தை ஒருதடவை வீடியோ இல்லாமல், அந்த மூன்று பெயர்களை மனசில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மெதுவான பாட்டில் வரும் அந்தக் கரகரப்புக் குரலுக்கு நீங்கள் என்ன மார்க் போடுவீர்கள் என்று எழுதுங்கள்.